ஒளிச்சாந்து

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைச் சித்திரசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்க வேண்டும் அவருக்கு. இல்லையென்றால் அன்றைக்குச் சபையில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அவருக்கு மரகதவல்லி என்று ஒரே மகள். பதினோரு வயது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி அவள் நெற்றியிலும் இரண்டு மூன்று பரு எட்டிப் பார்த்தது. வெயிலில் ஓடியாடி முகமும் கறுத்திருந்தது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அப்பாவின் கண்ணைத்தான் அது உறுத்தியது. வசந்த விழாவுக்கு அண்டை நாட்டு ராஜாக்கள் வரப்போகிறார்கள். மரகதவல்லியும் ஊர்ப் பிள்ளைகளும் ஊர்வலத்தின் முன்னால் நடக்கப்போகிறார்கள். ஒவ்வொரு முகமும் பளபளவென்று இருந்தாக வேண்டும் என்று சபையில் சொல்லிவிட்டார் ராஜா.

இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார் பூவராகர். அரண்மனையில் சந்தனம், புனுகு எல்லாம் அவர் பொறுப்பு. எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரி கூத்தபிரானையே கேட்கிறாரே என்று அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். தன்னிடம் ஒளிச்சாந்து என்று ஒன்று இருக்கிறது, காலையும் மாலையும் பூசினால் பிள்ளைகள் முகம் முத்து மாதிரி ஆகிவிடும் என்றார்.

அதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று மந்திரி கேட்டார். அது ரகசியம் என்று பூவராகர் சிரித்தார். பிள்ளைகளின் தோலுக்கு நல்ல தண்ணீரும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும், வெயில் உறைக்கும்போது நிழலில் இருக்கச் சொன்னால் போதும் என்று மந்திரி சொல்லிப் பார்த்தார். அழகைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று ராஜா அவர் வாயை அடைத்துவிட்டார்.

மரகதவல்லிக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பூசினார்கள். பிள்ளைகள் அலறின. உள்ளே இருக்கிற அழுக்கு வெளியே வருகிறது, எரியத்தான் செய்யும் என்றார் பூவராகர். ராஜாவும் அதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார். எரிகிறது, வலிக்கிறது என்று சொன்ன மரகதவல்லியை ஓர் அறையில் உட்கார்த்திவைத்து, அழக்கூடாது, அழுதால் சாந்து கரைந்துவிடும் என்று உத்தரவு போட்டார்கள். அழக்கூட விடவில்லை அந்தக் குழந்தையை.

கோயிலுக்குப் பூக்கட்டும் காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, காவலர்களைத் தள்ளிவிட்டு நேரே சபைக்குள் வந்து நின்றாள்.

"மகாராசா, எம்புள்ள கறுப்பாத்தான் பொறந்தா. நல்லாத்தான் இருந்தா. இப்பப் பாருங்க."

அந்தப் பெண்ணின் இரண்டு கன்னமும் தோலுரிந்து சிவந்து கிடந்தன. சரியாகப் பூசத் தெரியாமல் பூசியிருப்பாள் என்றார் பூவராகர். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளை வெளியே அனுப்பச் சொன்னார்.

மந்திரிக்குக் கோபம் பொங்கியது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் தன்னையும் வெளியே அனுப்புவார்கள், சாந்து பூசுவது நிற்காது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ராஜா முற்றத்தில் நின்று தன் வெள்ளைக் குதிரைக்குட்டிக்குப் புல் ஊட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் வந்த குட்டி அது. ராஜாவுக்கு உயிர். பூவராகரும் பக்கத்தில் நின்று குட்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மந்திரி கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தார்.

"அரசே, நேற்று நான் பேசியது தப்பு. ஒளிச்சாந்தின் மகிமை இப்போதுதான் புரிந்தது. ஊர்வலத்தில் இந்தக் குட்டியும் வரப்போகிறதே, மூக்கோரம் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. பூசிவிடலாம் என்று கொண்டுவந்தேன்."

சொல்லிக்கொண்டே சாந்தை விரலில் வழித்துக் குட்டியின் முகத்தருகே கொண்டுபோனார்.

"நிறுத்தும்" என்று ராஜா அவர் கையைப் பிடித்தார். "அது குட்டி. அதன் தோல் தாங்குமா?"

பூவராகர் முன்னால் பாய்ந்தார். குட்டிக்கு ஏதாவது ஆனால் தன் தலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். "வேண்டாம் மந்திரியாரே, அதில் சுண்ணாம்பும் பாதரசமும் இருக்கிறது. இளந்தோல் வெந்துவிடும்" என்று பதறினார்.

மந்திரி கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்தார். நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்த கோபம் அவ்வளவும் குரலில் வந்தது.

"குதிரையின் தோல் வேகும் என்று உமக்குத் தெரிந்திருக்கிறது பூவராகரே. தெரிந்தேதான் பிள்ளைகளுக்குப் பூசினீர். அரசே, குட்டிக்கு வலிக்கும் என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்தது. உங்கள் மகள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளை நீங்கள் நம்பவில்லை."

ராஜாவை அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் கை தானாக விலகியது. தலைகுனிந்தார்.

பிறகு நிமிர்ந்து, சாந்துப் பானைகள் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே ஆழமாகக் குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார். பூவராகரின் பதவியைப் பறித்தார். பிள்ளைகளின் புண் ஆறும்வரை பூவராகரே தெருத்தெருவாகத் தண்ணீர் சுமந்துபோய், ஒவ்வொரு பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். காத்தாயி வீட்டு வாசலில்தான் அவர் முதலில் போய் நின்றார். அவள் தண்ணீரை வாங்கிக்கொண்டாள், மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை.

மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். அவர் தொடவில்லை. பிள்ளைகள் முகத்தை இனி யாரும் குறை சொல்லக்கூடாது என்று சட்டம் போடுங்கள், அது போதும் என்றார். அன்றைக்கே பறையறைந்து அந்தச் சட்டத்தை ஊருக்குச் சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் ராஜா மகளின் அறைக்குப் போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து மெல்ல அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். எரிகிறதா என்று கேட்டார்.

"எரியுது" என்றாள் மரகதவல்லி. "ஆனா நீங்க இன்னைக்குத்தான் கேட்டீங்க."