துளிக்குள் சுற்றும் வெயில்

"இத்தனை வருஷமா உங்க முன்னாடி கண்ணை மூடி உட்கார்றேன் தாயே. என் கோபம் இம்மிகூடக் கரையலை," என்றார் மாசிலாமணி.

அறுபது தாண்டிய சீடர். குரு திலகவதி அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான். அந்த மலை மடத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று மதியம் மாசிலாமணியின் சொந்த மகள் செவ்வந்தி வருவதாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவளைக் கண்டதும் வாய் எதையாவது கொட்டிவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் திரும்பமாட்டாள் என்று மனிதருக்கு ஒரே பயம்.

அம்மை ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வெயிலில் வைத்தாள். அதிலேயே ஒரு வாய் எடுத்து, பக்கத்தில் இருந்த சேம்பிலைமேல் புஸ்ஸென்று ஊதினாள். இலையெங்கும் பொடிப்பொடியாய் மஞ்சள் துளிகள்.

"இரண்டையும் பார்த்துக்கிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நல்ல வேலைதான், மகள் வருகிற நாளில் குடத்துக்குக் காவல்! முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். வெயில் ஏறியது. குடத்து நீர் மஞ்சளாகவே கிடந்தது. துளிகள் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தன.

அவரால் நம்ப முடியவில்லை. வெள்ளைத் துண்டின் ஒரு முனையைக் குடத்தில் நனைத்தார். பளிச்சென்று மஞ்சள் ஏறியது. இன்னொரு முனையைத் துளிகளில் ஒற்றினார். கறையே இல்லை.

அம்மை திரும்பி வந்தபோது கேட்டேவிட்டார். "அதே மஞ்சள், அதே வெயில். இது மட்டும் எப்படிம்மா?"

"குடத்துல வெயில் மேலோட நின்னுடுது. துளிக்குள்ள போனது வெளியே வர வழி தெரியாம அங்கேயே சுத்திச் சுத்தி வருது. வேலை நடக்காம என்ன செய்யும்?"

கீழே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மாசிலாமணி வாசல் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட கோபம் ஒரு குடம் நிறைய இருக்கேம்மா. அவ வந்துட்டாளே."

"குடத்தை யாரு தூக்கிட்டுப் போகச் சொன்னா? இப்ப வாய்க்கு வர்ற ஒரு துளி கரைஞ்சாப் போதும்."

அவர் கொஞ்ச நேரம் இலையையே பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்கு நடந்தார்.

செவ்வந்தி படிக்குக் கீழேயே நின்றாள். ஒரு சொல் சுட்டாலும் அப்படியே திரும்பிவிடலாம் என்பதுபோல் பையைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள்.

அவர் கையை நீட்டினார்.

"பையை இப்படிக் குடும்மா."