குரங்கின் மேல் தலைவர் முகம்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மனமகிழ் மன்றம். சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வெளிநாட்டுப் போக்கர் வில்லைகள் வாங்குவதாகச் சொல்லி மன்றத்துப் பணத்தை அமுக்கிக்கொண்ட அதன் தலைவர் சென்னியப்பன், பொம்மைக் கடைப் பிளாஸ்டிக் வில்லைகளைக் கொண்டுவந்து கொட்டினார். வில்லைக்கு வில்லை குரங்குப் படம்!

"இதுமேல என் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டு. வெளியே மூச்சு விட்டே, வேலை போச்சு" என்றார், மன்றத்தைக் கூட்டிப் பெருக்கும் ராமாத்தாளிடம்.

"காகித ஸ்டிக்கருங்க. தண்ணி பட்டா நிக்காதுங்க."

"எவன் தண்ணி ஊத்தப் போறான்? ஒட்டு!"

இந்தப் பொய்யை நிற்க விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிக்கொண்டு, வாயை மூடி ஒட்டினாள் ராமாத்தாள்.

ஆயுத பூஜை வந்தது. கூடியிருந்த உறுப்பினர்கள் முன்னால் வில்லைகளைப் பூஜைக்கு வைத்து, "அசல் வெளிநாட்டுச் சரக்கு! தலைமுறைக்கும் நிக்கும்!" என்று தலைவர் மார்தட்டினார். ராமாத்தாள் வாளித் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"புதுச் சாமானுங்க. கழுவித்தானே பொட்டு வைக்கோணும்? தலைவர் கையாலேயே ஆகட்டுங்க."

"அதுதானே முறை!" என்றது கூட்டம்.

தலைவர் நெளிந்தார். வேறு வழியில்லாமல் வில்லைகளை வாளியில் போட்டார். சற்று நேரத்தில் அவர் முகங்களெல்லாம் கழன்று மேலே மிதந்தன. அடியில் குரங்குகள் பல்லைக் காட்டின.

"என்ன வேலை பண்ணிட்டே!" என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

"நான் வெளியே மூச்சே விடலைங்க. தண்ணி பட்டா நிக்காதுன்னு உங்ககிட்ட மட்டுந்தானுங்க சொன்னேன்!"