சின்னத்து மீனும் சின்னத்துப் புலியும்

ஆவாரங்குறிச்சி ஜமீன்தாருக்குப் பட்டணத்திலிருந்து புதுச் சின்னம் வந்து சேர்ந்தது. மேலே கிரீடம், ஒரு பக்கம் புலி, மறுபக்கம் மீன். அதை அரண்மனை வாசலில் மாட்டி, ஊரைக் கூட்டி, புலவரைப் பொருள் சொல்லச் சொன்னார்.

"மீன் என்றால் கண்மாய். அதில் நீந்தும் உயிரெல்லாம் மகாராஜாவுக்கே சொந்தம்" என்றார் புலவர்.

"அதனால இந்த வருஷம் ஒருத்தனும் மீன் பிடிக்கக் கூடாது" என்றார் ஜமீன்தார்.

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊரே கூடையோடு இறங்கி மீன் பிடிப்பது வழக்கம். மழைவரை பாதி வீடுகளுக்கு அந்தக் கருவாடுதான் சோற்றுக்குத் துணை. கரை கட்டியதும் தூர் வாரியதும் ஊர். உரிமை மட்டும் தகரத்தில் தீட்டிய மீனுக்கா? ஆடு மேய்க்கும் ஒச்சம்மா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சாமி, அந்தப் புலிக்கு என்ன பொருள்?"

"காட்டில் திரியும் உயிரெல்லாம் மகாராஜாவுடையவை" என்றார் புலவர்.

ஜமீன்தார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு சாமி. உங்க புலி போன வாரம் என் பட்டியில புகுந்து ரெண்டு ஆட்டைத் தின்னுடுச்சு. பயிரை மாடு மேஞ்சா மாட்டுக்காரர்தானே பொறுப்பு? நான் ஆட்டைக்கூடக் கேக்கல. கயிறு எடுத்துட்டு வந்து உங்க புலியைப் பிடிச்சுக் கட்டுங்க, போதும்."

யாரோ சிரித்தார்கள். ஜமீன்தார் எழுந்துவிட்டார்.

"கூறுகெட்டவளே! தானாப் பிறந்து தானாத் திரியிற புலி எனக்கு எப்படிடி சொந்தமாகும்?"

"மீனை மட்டும் யாரு பெத்து விட்டா சாமி?"

புலவர் கிரீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊர்ச்சனம் கூடை எடுக்கக் கிளம்பிவிட்டது.