கிண்டாத அல்வாவுக்குக் கூலி

காதை மட்டும் கொடுங்கள், பர்ஸை நான் கேட்கவில்லை. பணம் கேட்க இந்தக் கதையில் வேறு ஆள் இருக்கிறார்.

அருப்புக்கோட்டை இராஜமாணிக்கம் மகளைக் கட்டிக்கொடுத்த களைப்போடு மண்டப வாசலில் நின்றார். கையில் சமையல் கூலிக் கவர். எதிரே இரண்டு பேர். ஒருவர் சமையல் மாஸ்டர் அங்கமுத்து. அடுப்புச் சூடு இன்னும் முகத்தில் ஆறவில்லை. மற்றவர் வட்டிக்குக் கொடுக்கும் செல்லையா.

செல்லையா ஒரு பத்திரத்தை நீட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் அங்கமுத்து எழுதிக்கொடுத்தது. கடன் தீரும்வரை எந்தக் கல்யாணத்தில் சமைத்தாலும் கூலி செல்லையாவுக்கே என்றிருந்தது. அந்தக் கடனில்தான் அங்கமுத்துவின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது. ஊரே கையை விரித்தபோது கொடுத்த மனிதர் செல்லையா; அதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு மனமில்லை.

பிறகு அங்கமுத்து நடத்திய மெஸ் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். கோர்ட்டு அவரைத் திவாலானவர் என்று அறிவித்து, அண்டா குண்டான் முதற்கொண்டு விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போட்டது. செல்லையாவும் தம் பங்கை வாங்கிக்கொண்டார். மீதிக் கடனிலிருந்து அங்கமுத்துவை விடுவித்து உத்தரவும் வந்தது. அதற்கப்புறம் அவர் ஒத்துக்கொண்ட முதல் வேலை இந்தக் கல்யாணம், அதுவும் வாடகைப் பாத்திரத்தில்.

"கடனைத்தானே அண்ணாச்சி கோர்ட்டு தள்ளுச்சு? கூலியை அதுக்கு முந்தியே எனக்கு எழுதிக் குடுத்துட்டாரு. அது என் சொத்து" என்றார் செல்லையா.

"கூலி அவருதுன்னா கையும் அவருதுதான். அவரே வந்து அல்வாவைக் கிண்டியிருக்கலாமே" என்றார் அங்கமுத்து. "இதுவும் போச்சுன்னா இனிமே நான் கரண்டியைத் தொடமாட்டேன், அண்ணாச்சி."

இராஜமாணிக்கம் கவரை யார் பக்கமும் நீட்டவில்லை. பத்திரமும் பொய்யில்லை, அங்கமுத்து கையில் இருந்த கொப்புளமும் பொய்யில்லை.

கீழே எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள்: அந்தக் கவர் யார் கைக்குப் போவது சரி?

விடை: அங்கமுத்து கைக்கு. பத்திரம் எழுதிய அன்று இந்தக் கூலி எங்கேயும் இல்லை. அல்வா கிண்டிய பிறகுதான் பிறந்தது. பத்திரம் கடனுக்குக் காவல். கடனே போன பின் காவலுக்கு என்ன வேலை? கோர்ட்டு விடுவிப்பதற்கு முன்பே சமைத்து, பாக்கி நின்ற கூலி என்றால் பேச்சு வேறு. நாளைய உழைப்பையும் கட்டிப்போட முடியுமானால் விடுவித்தோம் என்பதற்கு அர்த்தமே இல்லை. இராஜமாணிக்கமும் அப்படியே கொடுத்தார். செல்லையா பத்திரத்தை மடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் செல்லையா மகளுக்கு வளைகாப்பு. கூப்பிடாமலே வந்து அடுப்பை மூட்டினார் அங்கமுத்து. கூலி எவ்வளவு என்று செல்லையா கேட்டபோது, "என் வீட்டுக்காரிதான் அனுப்பிவச்சா" என்று மட்டும் சொன்னார்.