கோடியே ஒன்றின் மீதி

முழு எண்கள் குடியிருந்த ஓர் ஊரில் பகா எண் தெரு என்று ஒரு தெரு இருந்தது. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு யாராலும் மீதியில்லாமல் வகுபடாதவர்களுக்குத்தான் அங்கே வீடு. அந்தப் பெருமையில் தெருக்காரர்கள் யாரும் பக்கத்துத் தெருவில் கைநனைப்பதில்லை.

தெருவின் தலைவர் ஒரு கோடியே ஒன்று. எட்டு இலக்கம். எதிரே வந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். கடைசி இலக்கம் ஒன்று என்பதால் இரண்டாலும் ஐந்தாலும் அவரைத் தொட முடியாது. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டுதான் வருவதால் மூன்றாலும் முடியாது. அதற்கு மேல் யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு பெரியவரை உட்கார வைத்து வகுத்துப் பார்ப்பது மரியாதையா?

பதவிக்கு வந்ததும் அவர் தெருவைச் சுத்தம் செய்யக் கிளம்பினார். முதலில் சிக்கியது தொண்ணூற்றொன்று. சாது, பார்வைக்கும் பகா எண் மாதிரியே இருக்கும். ஏழு வந்து வகுத்தது. பதின்மூன்று தடவை போய், மீதி பூஜ்யம்.

"பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்" என்றார் தலைவர்.

"ஐயா, இருபது வருஷமா இங்கதான் இருக்கேன். புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

"வகுபடுறவனுக்கு இந்தத் தெருவுல என்ன வேலை?"

தெருவின் கணக்கர் 'ஒன்று'. அது பகா எண்ணிலும் சேர்த்தி இல்லை, பகு எண்ணிலும் சேர்த்தி இல்லை. அதனால் தீர்ப்புச் சொல்ல வைத்திருந்தார்கள். அது நோட்டைத் திறந்து தொண்ணூற்றொன்றின் பெயரைத் தேடியது. அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பதினொன்று எழுந்தது.

"அப்படியே தலைவரையும் ஒரு தடவை வகுத்துப் பார்த்துடலாமே?"

தலைவர் சிரித்தார். "நீ யாருடா? ரெண்டே இலக்கம். என் பூஜ்யத்துல பாதிகூடத் தேற மாட்ட."

"சும்மா ஒரு கணக்குக்குத்தான்" என்று பதினொன்று வகுக்க ஆரம்பித்தது. ஒன்பது, பூஜ்யம், ஒன்பது, பூஜ்யம், ஒன்பது, ஒன்று. மீதி எழுதும் இடத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அட, பதினொண்ணு நம்ம ரத்தம்ப்பா. இத்தனை நாளாச் சொல்லவே இல்லியே தம்பி."

"உங்களுக்குள்ள ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூத்தியொரு தடவை இருந்திருக்கேன். ஒரு தடவைகூட நீங்க கவனிக்கல."

எல்லோரும் கணக்கரைப் பார்த்தார்கள். ஒன்று நெடுநேரம் நோட்டைப் புரட்டியது. "எட்டு இலக்கத்தைப் பத்தி விதியில ஒண்ணும் எழுதல" என்றது. பிறகு பேனாவைத் திறந்து, தொண்ணூற்றொன்றின் பெயரை அடித்தது. தலைவரைக்கூட மன்னித்துவிடலாம்; அந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தொண்ணூற்றொன்று மூட்டையைக் கட்டியது. பதினொன்று ஓடிவந்து அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இருவரும் பெருகி ஆயிரத்தொன்றாகி, தெருவை விட்டு நிமிர்ந்து நடந்தார்கள்.

அவர்கள் முனை திரும்பும்வரை தலைவர் பொறுத்திருந்தார். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"வகுக்கத் தெரிஞ்சவன் போயிட்டான். இனிமே நான் பகா எண்தான்."