வரிக்கு வரி ஒரு சந்தேகம்

புயல் கணிப்பு மையத்தில் வேலை பார்க்கும் அமலதாஸுக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் ஹசீனாவுக்கு முப்பத்துமூன்று. குரு சின்னவர், சீடர் பெரியவர். அதில் இருவருக்குமே வெட்கமில்லை.

அமலதாஸின் கவலையெல்லாம் அந்த ஒன்பது மணி நேரம்தான். காலை எட்டுக்கு வரும் காற்றளவுகளைக் கணக்கிட்டு, வரிவரியாக டிஸ்கில் எழுதி, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று சொல்ல அவருடைய புரோகிராம் மாலை ஐந்தாக்கிவிடும். ஆழ்கடலில் நிற்கும் படகுகள் தப்ப வேண்டுமானால் நடுப்பகலுக்குள் செய்தி போக வேண்டும். அவற்றில் ஒரு படகில் அவர் தம்பியும் இருந்தான்.

அன்று காலை ஏழு மணிக்கே வந்து நின்றார்.

"மேடம், இருக்கிறதுலேயே வேகமான டிஸ்க் வாங்கிப் போட்டாச்சு. அப்பவும் நகர மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?"

ஹசீனா ஒரு காகிதத்தை நீட்டினார். "உங்க ஊர்ப் படகுப் பேரெல்லாம் எழுதுங்க, அண்ணே."

புயல் வருகிற நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒரு பெயர் எழுதினார்.

"எழுதியாச்சா? காட்டுங்க."

காட்டினார். ஹசீனா நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அமலதாஸ் இரண்டாவது பெயரை எழுதினார்.

"எழுதியாச்சா? காட்டுங்க."

ஐந்தாவது பெயரில் அமலதாஸ் பேனாவை மேசையில் போட்டார். "நாப்பது படகு இருக்கு மேடம். எழுத விட்டாத்தானே எழுதுவேன்!"

"டிஸ்க்கும் அதைத்தான் சொல்லுது."

அவருக்குச் சுருக்கென்றது. முன்பொருமுறை கரண்ட் போய் மொத்தக் கணக்கும் அழிந்திருந்தது. அந்தப் பயத்தில், ஒவ்வொரு வரி எழுதியதும் நின்று, சரியாகப் பதிந்ததா என்று திரும்பப் படித்துப் பார்க்கும்படி புரோகிராமை மாற்றியவர் அவரேதான்.

லட்சம் வரிக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று இப்போது திருத்தினார். பழைய கணக்கில் ஒரு சின்னத் துண்டை ஓட்டிப் பார்த்தார். முழுக் கணக்கும் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் சிரித்தே விட்டார்.

எட்டு மணிக்குக் காற்றளவுகள் வந்து சேர்ந்தன. அவர் கை தயங்கியது.

"நடுவுல கரண்ட் போனா, மேடம்? லட்சம் வரி போயிடுமே?"

"போனா லட்சத்தையும் திரும்ப எழுதிக்கலாம், அண்ணே. இன்னிக்கு மத்தியானத்தைத் திரும்ப எழுத முடியுமா?"

அமலதாஸ் கணக்கை ஓடவிட்டார்.