கூரையைத் தாங்கும் எறும்பு

எறும்புகள் எல்லாமே ஆறு காலையும் கீழே ஊன்றி நடந்த அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவில் ஓகோவே ஆற்றங்கரைக் காட்டில் ஒயானே என்றொரு தாய் எறும்பு இருந்தாள். பூச்சிகளும் மரங்களும் அப்போது பேசும். உதிர்ந்த இலைகளுக்கு அடியில் ஒயானேயின் குடும்பம் வாழ்ந்தது. அவளுடைய பெண்கள் பகலெல்லாம் இரை தேடி அலைந்துவிட்டு வருவார்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் முகர்ந்து பார்த்து உள்ளே விடுவாள்.

ஒரு வருஷம் படையெறும்புகள் அந்தப் பக்கம் வந்தன. கண் தெரியாத அந்தக் கூட்டம் வழியில் இருப்பதையெல்லாம் தின்றுகொண்டே போகும். அது ஒயானேயின் வீட்டைக் கடந்து போக அதிக நேரம் ஆகவில்லை. போன பிறகு பார்த்தால் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இல்லை. மிஞ்சிய பெண்கள் ஆளுக்கொரு குழந்தையை வாயில் கவ்விக்கொண்டார்கள். ஒயானே அவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு பிசின் மரத்தில் ஏறினாள்.

பாதி மரம் ஏறியதும் மூத்த மகள் அந்தேமே கேட்டாள். "எப்போது கீழே இறங்குவோம், அம்மா?"

"இறங்கமாட்டோம்" என்றாள் ஒயானே.

பிறகு மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "தாயே, உன் பட்டைக்குள் கொஞ்சம் இடம் கொடு."

"குடைந்துகொள். வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்" என்றது மரம். "ஆனால் வாசலை மட்டும் அடைத்துவிடாதே. காற்று வராவிட்டால், காயம் ஆறும் நேரம் வந்துவிட்டது என்று என் உடம்பு நினைத்துக்கொள்ளும். உள்ளே வளர்ந்து மூடத் தொடங்கும். அதை நிறுத்த என்னால் முடியாது."

அவர்கள் குடைந்தார்கள். பட்டைக்கு அடியில் நீளமாக ஒரு வழி, அதிலிருந்து கிளை பிரிந்து சிறு சிறு அறைகள். வீடு கிடைத்துவிட்டது, ஆனால் சோறு இல்லை. கீழே போய் வேட்டையாட யாருக்கும் துணிவு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடும் குழந்தைகளின் பக்கம் ஒயானே திரும்பாமல் இருந்தாள்.

அப்போதுதான் கோடை முற்றியது. அதே மரத்தின் நுனிக் கிளைகளில் செதில் பூச்சிகள் குடியிருந்தார்கள். தங்கள் உடம்பில் கசியும் மெழுகைக் கொண்டே முதுகில் வட்டமாக ஓடு கட்டிக்கொள்கிறவர்கள். வெயிலில் இலை கருகியது. ஓட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும் குட்டிக் குளவிகள் வேறு பெருகின. செதில் பூச்சிகளின் தலைவி பிந்தாங் தன் சனத்தை அழைத்துக்கொண்டு தண்டு வழியாக இறங்கி வந்தாள். அவர்களுக்கு அப்போது கால்கள் இருந்தன.

"மழை வரும்வரை இருக்க இடம் கிடைக்குமா, தாயீ?" என்று பிந்தாங் வாசலில் நின்று கேட்டாள்.

வீடு இழந்தவளின் குரல் ஒயானேக்குத் தெரியும். "வாருங்கள் அக்கா. ஆனால் வழி குறுகல். ஓட்டோடு நுழைய முடியாது. கழற்றி வாசலில் வையுங்கள். போகும்போது எடுத்துக்கொள்ளலாம்."

பிந்தாங் தயங்கினாள். "ஓட்டைக் கழற்றினால் எங்களுக்கு வெறும் தோல்தான். அதுவும் இலைத் தளிர் போலத்தான் இருக்கும்."

"கூரை இருக்கிறது. நான் இருக்கிறேன்" என்றாள் ஒயானே.

அவர்கள் ஓடுகளைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். மரத்தின் சாற்றைக் குடித்தார்கள். ஓடு கட்டத் தேவையில்லாததால் மெழுகு சும்மா கசிந்தது. அழும் எறும்புக் குழந்தையின் வாயில் பிந்தாங் அதைக் கொஞ்சம் தடவிப் பார்த்தாள். குழந்தை சப்பிக்கொண்டு அமைதியானது. அன்றிலிருந்து எல்லாக் குழந்தைகளும் அந்த மெழுகைத் தின்றே வளர்ந்தன. ஒயானே பிந்தாங்கின் பிள்ளைகளை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போய், சாறு இனிக்கும் இடமாகப் பார்த்து விடுவாள். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

மழை வந்தது. தளிர் வாசனை வாசல் வழியாக உள்ளே அடித்தது. "நாங்கள் கிளம்புகிறோம், ஒயானே" என்றாள் பிந்தாங்.

"ஈரம் காயட்டும், அக்கா."

ஈரம் காய்ந்தது. காற்று அடங்கட்டும் என்றாள். காற்றும் அடங்கியது. அந்தேமே தாயைத் தனியாக இழுத்துப் போய்க் கேட்டாள். "இவர்கள் போய்விட்டால் நாம் கீழே இறங்கித்தானே ஆகவேண்டும்?"

 அன்று நடுப்பகலில், பிந்தாங்கின் சனம் சாறு குடித்துக் கிறங்கிக் கிடந்தபோது, ஒயானே வாசலுக்குப் போனாள். அடுக்கியிருந்த ஓடுகளைத் தலையால் முட்டி ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். அவை மழைத் தண்ணீரில் மிதந்து ஆற்றோடு போயின. பிறகு பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வாயிலிருந்து நூல் இழுத்து, மரத்தூளைக் குழைத்து, வாசலை அடைத்தார்கள்.

விழித்த பிந்தாங் இருட்டில் தடவிக்கொண்டு வந்தாள். "வாசல் எங்கே?"

"இங்கேதான் இருந்தது" என்றாள் ஒயானே.

"எங்கள் ஓடுகள்?"

"என் பிள்ளைகள் செத்துவிடும், அக்கா."

"என் பிள்ளைகளும்தான் இங்கே இருக்கிறார்கள்" என்றாள் பிந்தாங். அதன்பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். வாசல் இருந்த இடத்தை ஒட்டி உட்கார்ந்தவள் அங்கேயே இருந்தாள். மெழுகு மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த அவளால் முடியாது; கசிந்ததையெல்லாம் எறும்புக் குழந்தைகள் தின்றுவிட்டதால் புது ஓடு கட்டவும் மிஞ்சவில்லை.

மரம் சொன்னது நடந்தது. காயம் ஆறத் தொடங்கியது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அந்தேமேயின் முதுகு மேலே உரசியது. அடுத்தடுத்த நாட்களில் எல்லோர் முதுகும் உரசியது. கூரை இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, வா!" என்று அந்தேமே கத்தினாள். "பின்பக்கம் மெல்லிசாக இருக்கிறது. துளைத்துக்கொண்டு ஓடிவிடலாம்."

ஒயானே கிளம்பினாள். நாலடி வைத்தவள், திரும்பிப் பார்த்தாள். பிந்தாங்கின் சின்ன மகள் மேல் கூரை தொட்டுக்கொண்டிருந்தது. ஓடு இருந்திருந்தால் தாங்கியிருக்கும். அந்த உடம்பில் ஒரு தழும்புகூட இல்லை. அவ்வளவு மிருதுவாக இருந்தது.

ஒயானே அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முன்கால்களையும் பின்கால்களையும் தரையில் அழுத்தி, நடுக்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கூரையை முட்டுக் கொடுத்தாள். மூட்டுகள் பிதுங்கின. "பிடியுங்கள்!" என்றாள் பெண்களிடம். "நான் அழைத்தவர்கள் இவர்கள்."

அந்தேமே முதலில் கால் தூக்கினாள். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். கூரை அவர்கள் கால்களின்மேல் இறங்கி நின்றது. அந்த மழைக்காலம் முழுவதும் அப்படியே தாங்கினார்கள். நகர வேண்டுமென்றால் நாலு காலில் நகர்ந்தார்கள், மற்ற இரண்டும் மேலேயே இருந்தன. புதிதாகப் பிறந்தவர்களும் பெரியவர்களைப் பார்த்துக் காலைத் தூக்கினார்கள்.

பட்டை இறுகி, அழுத்தம் நின்றதும் ஒயானே வாசலைக் கடித்து உடைத்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"போங்கள், அக்கா."

பிந்தாங் வாசல்வரை ஊர முயன்றாள். முடியவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கால்கள் தேய்ந்து உடம்போடு மறைந்திருந்தன. அவள் சனம் முழுவதற்கும் அப்படித்தான்.

"இருங்கள், உங்கள் ஓடுகளைத் தேடி வருகிறேன்" என்று சொல்லி ஒயானே வெளியே கால் வைத்தாள். நடுக்கால்களைக் கீழே இறக்கப் பார்த்தாள். அவை இறங்கவில்லை. காற்றில் எதையோ துழாவின. சாய்ந்தாள், புரண்டாள், தண்டிலிருந்து நழுவப் போனவளை அந்தேமே வாயால் கவ்வி உள்ளே இழுத்தாள். கூரைக்கு அடியில் வந்ததும் நடுக்கால்கள் தாமாகவே மேலே ஊன்றின.

பிந்தாங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, ஒயானே. வருமென்றும் தோன்றவில்லை. ஆனால் காலை மட்டும் இறக்கிவிடாதே."

"இறக்கமாட்டேன், அக்கா" என்றாள் ஒயானே.

அன்று முதல்தான் அந்த இனத்து எறும்பு பட்டைக்குள்ளேயே பிறந்து, ஓடில்லாத செதில் பூச்சிகளோடு அங்கேயே சாகிறது. வளர்த்துப் பார்க்கலாமென்று யாராவது பட்டையை உரித்து அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டால், அது நடக்கத் தெரியாமல் புரள்கிறது, நடுக்கால் இரண்டையும் மேலே தூக்கி, அங்கே இல்லாத ஒரு கூரையைத் தேடுகிறது.